நிலுவையில் உள்ள முடிச்சுகள்

உலகத்தில் எத்தனையோ கமிட்டிகள் தோன்றி, டீ குடித்து, மறைந்திருக்கின்றன. ஆனால் மனிதகுலத்தின் கவலைகளைக் கத்தரிக்கோலால் தீர்த்துவைத்த பெருமை எங்கள் தர்கா நிர்வாகக் கமிட்டி ஒன்றுக்கே உண்டு. அதன் செயலாளரான நானே இதைச் சொல்வது கூச்சமாகத்தான் இருக்கிறது. வேறு யாரும் சொல்வதாகத் தெரியவில்லை.

எங்கள் தர்காவில் அடங்கியிருக்கும் அவுலியாவை நாடி எங்கெங்கிருந்தோ ஜனங்கள் வருகிறார்கள். அவருடைய சமாதியான கப்ருக்கு நேரே ஒரு கல் சன்னல். வேண்டுதல் உள்ளவர்கள் அதில் நூல் கட்டி முடிச்சுப் போடுவார்கள். வேண்டியது நடந்ததும் கட்டியவரே வந்து தன் கையால் அவிழ்க்க வேண்டும். அதுவரை வேறு யாரும் தொடக் கூடாது. இதுதான் ‘வளர்ச்சி’க்குத் தடையாக இருந்தது. படம் எடுக்க வருகிறவர்களுக்குச் சன்னலின் சிற்ப வேலைப்பாடு தெரியவில்லை. தெரிந்ததெல்லாம் ஜனங்களின் கஷ்டம். அது படத்தில் எடுப்பாக வராது.

தலைவர் அவசரக் கூட்டம் கூட்டினார்.

“நூலையெல்லாம் எடுத்துடலாம்” என்றார்.

துணைத் தலைவர் மருந்துக்கடைக்காரர். எதிலும் பின்விளைவு கேட்டே பழக்கப்பட்டவர். “எடுத்தா வேண்டுதல் என்ன ஆகும்?”

“பைசல்.”

“நிறைவேறாததும் இருக்குமே?”

“நிறைவேறினதை அவுலியா பைசல் பண்ணுவார். நிறைவேறாததை நாம பண்றோம். பாவம், அவருக்குத்தான் எவ்வளவு வேலை கொடுக்கிறது?”

அவுலியாவின் வேலைப்பளுவை இதற்கு முன் யாராவது நினைத்துப் பார்த்ததுண்டா? எனக்குக் கண் கலங்கியது. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

தர்காவைப் பெருக்கும் அம்மா, “அடுத்தவங்க கண்ணீர்ல நான் கை வைக்க மாட்டேன்” என்று விளக்குமாற்றோடு வெளியே போய்விட்டார். வெள்ளையடிக்க வந்தவர்களைக் கொண்டே வேலையை முடித்தோம். நூல்கள் மூட்டையாகி, தூரிகை துடைக்கப் பயன்பட்டன. வாசலில் ஒரு தொடுதிரை வைத்தோம். அதற்கு ‘நவீன முடிச்சு’ என்று பெயர்.

சன்னலில் ஒரே ஒரு பச்சைப் பட்டு நூலை மட்டும் விட்டுவைத்தோம். அது தலைவருடையது. அவருக்கு ஒரு நில வழக்கு நடக்கிறது. நீதிமன்றத்தில் இருக்கும் விஷயத்தில் கமிட்டி தலையிடுவது முறையல்லவே.

மறுநாள் பஸ் கண்டக்டர் அக்கா வந்தார். கப்பல் வேலைக்குப் போன அவருடைய தம்பியைப் பற்றி வெகுநாளாகச் சேதி இல்லை. பஸ் எங்கள் நிறுத்தத்தில் நிற்கும் கொஞ்ச நேரத்தில், தோளில் பையோடு ஓடி வந்து, தன் முடிச்சைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஓடுவார்.

அன்று வெறும் கல்லைத் தடவிக்கொண்டு நின்றார்.

“எங்க என் முடிச்சு?”

“பைசல் ஆயிடுச்சும்மா.”

“அப்ப என் தம்பி வந்துட்டானா?”

தீர்மானத்தில் இதற்கு விடை இல்லை. அவர் முகத்தைப் பார்க்காமல், “அது கமிட்டி வரம்புக்குள்ள வராது” என்றேன். சொல்லிவிட்டுத் தொடுதிரையிடம் அழைத்துப் போனேன். “இப்படித் தொட்டாப் போதும், முடிச்சு விழும்.”

“அவிழ்க்கிறது எங்க?”

“அந்த வசதி அடுத்த கட்டத்துல வரும்.”

“கரண்ட் போனா?”

“எல்லாம் அழிஞ்சிடும். மறுபடியும் முதல்லேர்ந்து வேண்டிக்கலாம்.”

அவர் திரும்பிச் சன்னலுக்கே போனார். “அந்தப் பச்சை யாரோடது?”

“தலைவரோடது. யாரும் தொடக் கூடாது.”

“தெரியும். கட்டினவங்கதான் அவிழ்க்கணும்.”

பையின் தோள்வாரில் பிரிந்து தொங்கிய நூலை இழுத்து அறுத்தார். அதைத் தலைவரின் முடிச்சைச் சுற்றி இறுக்கிக் கட்டினார். இரண்டும் ஒன்றாகிவிட்டன.

“இப்ப என்னோடதை அறுக்கணும்னா, அவரோடதையும் சேர்த்துத்தான் அறுக்கணும்” என்றார். பஸ் ஹாரன் கேட்டது. ஓடினார்.

கண்டக்டர் வாயில் விழுந்த செய்தி எல்லா நிறுத்தத்திலும் இறங்கும். சாயங்காலத்துக்குள் சன்னல் முன்னால் வரிசை தெருவரைக்கும் நின்றது. மகள் கல்யாணம், கணவன் நெஞ்சுவலி, வீட்டை விட்டுப் போன மருமகன், எல்லாம் தலைவரின் முடிச்சின்மேல் ஏறின. சுண்டைக்காய் அளவு இருந்தது குடம் அளவு ஆயிற்று. துணைத் தலைவர் கத்தரிக்கோலோடு வந்தார். தலைவரே பாய்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

வழக்கில் ஜெயித்தால் தலைவர் தம் முடிச்சைத் தாமே அவிழ்க்க வேண்டும். அதற்கு முன்னால் மேலே உள்ளதெல்லாம் அவிழ வேண்டும். அவருடையதை ஒட்டி, ஆக அடியில் இருப்பது கண்டக்டர் அக்காவின் முடிச்சு. அக்கா இன்றும் வந்து தொட்டுவிட்டுத்தான் போகிறார். எனவே தலைவர் தினமும் காலையில் கப்ருக்கு முன்னால் நின்று, அந்தத் தம்பி நல்லபடியாக வந்து சேர வேண்டும் என்று அழுது துவா கேட்கிறார். ஊரார் துயரத்துக்காக இப்படி உருகும் தலைவர் வேறெங்கே கிடைப்பார்?

வழக்கு எதைப் பற்றி என்று சொல்ல மறந்துவிட்டேன். தலைவர் வீடு கட்டிக்கொண்டிருக்கும் இடம் தர்காவுடையது. அதைத் தமக்கே முடித்துத் தர வேண்டும் என்று, அந்த இடத்துக்குச் சொந்தக்காரரிடமேதான் அவர் நூல் கட்டியிருக்கிறார்.