டீ கிளாஸ் வைத்து மேசை நீட்டியவர்

இந்த உலகத்தில் நேராக இருப்பது தம் கை பட்ட மரம் மட்டும்தான் என்று நம்பிய ஓர் ஆசாரி விராலிமலையில் இருந்தார். சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது, ரசமட்டம் என்போம். சாய்வு பார்க்கும் அந்தக் கருவி எந்நேரமும் மடியில் இருக்கும். கல்யாணப் பந்தியிலும் தரையில் வைத்துப் பார்த்துவிட்டு, "ரசம் அங்கிட்டு ஓடுமுங்க, எலையத் திருப்பிப் போடுங்க" என்பார். ஓடத்தான் செய்யும்!

அறுபதுகளின் தொடக்கத்தில் திருச்சியிலிருந்து ஒரு குட்டி மிஷின் கொண்டுவந்தார். அறுக்கும், இழைக்கும், துளையும் போடும். மேசைதான் இரண்டே முழம். நீள மரத்தைத் தள்ளினால் தலை தொங்கும், வால் எழும்பும், இழைப்பு மேடுபள்ளமாகும்.

மேசையோடு பலகை சேர்த்து நீட்டினார். சுவர் இடித்தது. அந்தப் பக்கம் சுப்பையாவின் டீக்கடை. சுப்பையா ஊரில் இல்லாத நாளில் சுவரில் ஓட்டை போட்டு, பலகையை உள்ளே நுழைத்துவிட்டார்!

டீ குடிப்பவர்களுக்குக் கொண்டாட்டம். கிளாஸை அதன்மேல் வைத்தார்கள். ரசமட்டம் ஓட்டை வழியே தலையை நீட்டுவார்.

"டீ எந்தப் பக்கமுங்க சாயுது?"

"மலைப் பக்கம்!"

"பலகைக்கு அடியில இருக்குற ஆப்பத் தட்டுறேன், இப்பப் பாருங்க!"

ஒருநாள் சாயங்காலம். மறுநாள் எங்கள் புது வீட்டுக்கு வாசல்நிலை நிறுத்த முகூர்த்தம். வேப்பமரத்தில் ஒரு நிலைக்கால் முடிந்திருந்தது, இன்னொன்று பாக்கி. பட்டறைக்குப் போய்ப் பார்த்தால், பாலில் மரத்தூள் விழுந்த கோபத்தில் சுப்பையா பலகையைக் கழற்றிவிட்டு ஓட்டையைத் தகரத்தால் அடைத்திருக்கிறார்.

"கையாலேயே இழைச்சிருங்களேன்" என்றேன்.

"சோடிக்கால் மிஷின்ல எழைச்சதுங்க. ஒண்ணு ஒரு தினுசு, ஒண்ணு ஒரு தினுசுன்னா கதவு ஒங்கள ஆயுசுக்கும் ஏசும்."

சுப்பையாவிடம் ஓடினேன்.

"அந்தாளு மிஷினுக்கு என் கடைதான் வாலாங்க?" என்று சீறினார். பாலை நாலு ஆற்று ஆற்றினார். "நிலை எப்பங்க?"

"விடிஞ்சா."

தகரத்தைப் பிடுங்கினார். பலகையைப் பொருத்தி, பாதி டீயோடு ஒரு கிளாஸை வைத்தார். "யோவ், இங்கிட்டுச் சாயுது! தட்டுய்யா!"

மிஷின் இரைந்தது. மரம் ஓட்டை வழியே தொங்காமல், துள்ளாமல் வழுக்கிக்கொண்டு வந்தது. அதை ஏந்திக்கொண்ட சுப்பையா, சந்தோஷத்தில் அதே கிளாஸைத் தூக்கி மரத்தின்மேலேயே வைத்துவிட்டார். "அசையலய்யா!"

புதிதாக இழைத்த மரத்தில் வட்டமாக டீக்கறை. அதையும் இழைத்துவிடச் சொன்னேன். ரசமட்டம் மரத்தைத் தடவிப் பார்த்தார்.

"நேரா வந்ததுக்குச் சாட்சிங்க அது. இருந்துட்டுப் போவுது."

ரசமட்டம் காலமாகி வெகுநாளாயிற்று. வெள்ளிக்கிழமைகளில் நிலைக்கு மஞ்சள் பூசும் என் மனைவி, முதல் குங்குமத்தை இன்றும் அந்த வட்டத்துக்குள்தான் வைக்கிறாள்.