ஜினெட் திபோ பின்னோட்டிப் பணம் மீட்ட படலம்

லூயிஸ்டன் நகரின் காலணித் தொழிற்சாலை மூடும்வரை பத்தொன்பது ஆண்டு குதிகால் ஒட்டிய கைத்திறத்தாளும், மூன்று நாளாய் வீட்டுக்குள்ளேயே கோட்டோடு உறங்கி எழும் பனிவென்ற பாவையும், வேலையிழந்தோர் உதவித்தொகை ஒன்றையே நாற்படையாய்க் கொண்ட பெருந்தகையுமாகிய ஜினெட் திபோ வாழ்க! அவள் புகழைப் பாடாமல் இந்த வாய் வேறு எதற்கு, சொல்லுங்கள்.

பகைவன் வங்கி. அவளுக்குக் கடன் அட்டை கொடுத்ததும் அதுவே, அவளது உதவித்தொகை வந்து விழுவதும் அதிலேயே. சனவரிக் காலையில் வழக்கறிஞர் நார்மன் தொலைபேசிவழி ஓலை விடுத்தார்:

“ஜினெட், பன்னெண்டு மணிக்கு உன் திவால் மனுவப் போடறேன். கடன்காரன் சட்டைப்பையிலயே உன் சாப்பாட்ட வச்சிருக்கியேம்மா. மனுவப் பார்த்ததும் கணக்க முடக்கிருவான். அது உதவிப் பணம்னு நிரூபிச்சு வாங்கறதுக்குள்ள பனியே உருகிரும். இப்பவே போய் எடுத்துரு.”

வீட்டிலோ அறைகளைச் சூடாக்கும் கொதிகலனில் எண்ணெய் வற்றிவிட்டது. எண்ணெய் வண்டிக்காரன் ரொக்கம் காணாமல் குழாயைத் திறவான். மணி பதினொன்று நாற்பது.

வங்கியின் உள்கூடம் தரைக்கு மெழுகு பூசுவதற்காக அடைபட்டிருந்தது. காரில் அமர்ந்தபடி பணம் வாங்கும் சந்து மட்டுமே திறந்திருந்தது. உருளைப்பெட்டியில் சீட்டை இட்டால் குழாய்வழி பறந்துபோய்ப் பணமாய்த் திரும்பும் சந்து அது. புகுந்தாள் வீராங்கனை. அந்தோ, ஓட்டுநர் பக்கக் கண்ணாடி உறைந்து இறங்க மறுத்தது. கதவோ தூணில் இடித்து ஒரு சாண்தான் திறந்தது. மறுபக்கக் கதவால் இறங்கி, பனிச்சேற்றில் வழுக்கி, எழுந்து நடந்துவந்து சீட்டை நீட்டினாள். ஒலிபெருக்கியில் காசாளர் டார்லீனின் திருவாக்கு எழுந்தது:

“நடந்து வர்றவங்களுக்கு இங்க தரக் கூடாதுக்கா. கார்லதான் வரணும்.”

“கார் இதோ நிக்குதே.”

“நீங்க அதுக்குள்ள இல்லையே.”

சினம் தலைக்கேற, சேனாபதிகளுக்கும் தோன்றாத வியூகம் ஒன்று அவளுக்குத் தோன்றிற்று. சந்திலிருந்து வெளியேறி, கட்டடத்தை வலம் வந்து, தேரைத் திருப்பி, வரிசைக்கு முன்னால் சந்துக்குள் பின்புறமாகவே செலுத்தினாள், இறங்கும் கண்ணாடியுள்ள பக்கம் பெட்டியைப் பார்க்கட்டும் என்று! அடுத்து நின்ற பிக்கப் வண்டிக்காரர் ஊதிய ஊதலில் கூரைப்பனி உதிர்ந்தது.

“ஏம்மா, பொறக்கறப்பவும் இப்படிப் பின்பக்கமாத்தான் வந்தியா?”

“வீட்டுல எண்ணெய் இல்லைங்க. பன்னெண்டுக்குள்ள பணத்த எடுக்கணும்.”

எண்ணெய் இல்லை என்றால் அந்த ஊரில் மேற்கொண்டு விளக்கம் வேண்டியதில்லை. ஊதல் நின்றது. மனிதர் இறங்கிவந்து, கைகளை வீசி, படை நடத்தலானார்.

“இன்னும் வா, இன்னும் வா, தூண இடிச்சிராத. போதும், போதும்.”

இருக்கைமேல் குப்புறப் படுத்து, கண்ணாடி வழியே கைநீட்டி, எங்கள் ஜினெட் சீட்டை ஏவினாள். பதினொன்று ஐம்பத்தெட்டுக்குப் பெட்டி திரும்பியது: நானூற்றுப் பன்னிரண்டு டாலர், காரில் வருவோர்க்கெல்லாம் வங்கி வழக்கமாய் ஈயும் குச்சிமிட்டாய் ஒன்று, அவர்தம் நாய்க்கென்று பிஸ்கட் ஒன்று. பிஸ்கட்டைப் பிக்கப்காரரின் வண்டியில் எட்டிப்பார்த்த நாய்க்கு ஈந்து, மிட்டாயை வாகைமாலைபோல் வாயிலே சூடி, கடன் அட்டை ஈந்த கோமானின் கோட்டைவாசலை நேராகவே கடந்தாள் கொற்றவை.

சாயங்காலம் எண்ணெய் வந்தது, ஜினெட் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினாள்.