அதிகாரி அமர்ந்த மனை

மழைக்காலத்தின் மூன்றாவது வாரம், செவ்வாய்க்கிழமை, காலை பத்தே கால் மணி. பதினாறு வீடுகள் எழவேண்டிய நிலத்தில், கொட்டி நிரவிய மண் களியாகக் குழைந்து கிடந்தது. ரோலர் ஓட்டுநர் குனிந்து ஒரு பிடி எடுத்து இறுக்கினார். விரலிடுக்கில் சேறு வழிந்தது. அதன்மேல் எட்டு டன் எந்திரத்தை ஏற்றினால் மண் இறுகாது, எந்திரம்தான் இறங்கும். இறுகாத மண்ணில் கட்டிய சுவர் ஓராண்டு தாங்குவது கடினம். பன்னிரண்டாம் மனை அவருடைய அக்காவுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. ஆகவே அவருக்கு இது தொழில் பிரச்சினை மட்டுமன்று.

நிலத்தின் ஓரத்தில், தார்ப்பாய்ப் பந்தலின் கீழ், செயற்பொறியாளர் அமர்ந்திருந்தார். கெட்ட மனிதர் அல்லர். எந்த விதியையும் இருமுறை படித்த பிறகே மறுப்பார்.

“சார், ஒரு தார்ப்பாய் குடுங்க. மண்ணு மேல உயரமா கட்டி, சுத்தி வாய்க்கால் வெட்டி, மண்வெட்டியால கிளறி விட்டா, நாலு நாள்ல பதத்துக்கு வந்துரும்.”

அதிகாரி விதிப்புத்தகத்தைப் புரட்டினார். “தார்ப்பாய் சொத்துக்குத்தான்யா. சிமெண்டு சொத்து. கம்பி சொத்து. மண்ணு சொத்தாகணும்னா, இறுகிடுச்சுன்னு சான்றிதழ் வேணும்.”

“நனைஞ்சுகிட்டே இருந்தா எப்படி சார் இறுகும்?”

“இறுகலைன்னா எப்படிய்யா மூடறது?”

வாதத்தில் ஓட்டை எதுவும் இல்லை, வானத்தில்தான் இருந்தது.

“அப்போ உங்க தலைக்கு மேல இருக்கறது?”

“இது மண்ணுக்கு இல்ல, எனக்கு. என் பதவிக்கு இருபதுக்கு முப்பது அடி. உதவிப் பொறியாளருக்குப் பத்துக்குப் பத்து.”

ஓட்டுநர் அதிகாரியின் காலடியில் ஒரு பிடி மண் எடுத்தார். இறுக்கியதும் உருண்டையாக நின்றது. கீழே போட்டதும் இரண்டாக உடைந்தது. அதுதான் பதம்.

“சார், நீங்க எங்க உக்காரணும்னு புத்தகத்துல இருக்கா?”

அதிகாரி இருமுறை படித்தார். “ ‘பணியிடத்தில்’னு போட்டிருக்கு. அவ்வளவுதான்.”

“முதல் மனையும் பணியிடம்தானே சார்?”

மறுக்க வழியில்லை. அன்று பிற்பகலே நாற்காலி, மேசை, கோப்புகள், தார்ப்பாய் யாவும் முதல் மனைக்குக் குடிபெயர்ந்தன. நான்கு நாள் கழித்து அதிகாரி இரண்டாம் மனைக்கு எழுந்தருளினார். அவர் எழுந்த இடத்தில் ரோலர் ஏறியது. மண் கல்லாய் இறுகியது. ஐந்து வாரத்தில் எட்டு மனைகளுக்குச் சான்றிதழ் கிடைத்துவிட்டது.

இங்கேதான் தலைமை அலுவலகத்தின் கவனம் கவரப்பட்டது. எட்டு மனைகளில் மட்டும் மண் இறுகியது ஏன் என்று ஆராய, வேலையை நிறுத்திவிட்டு ஒரு குழு அமைக்கப்பட்டது. குழு, தன் காலணிகளை முன்னிட்டு, நிலத்துக்கு வராமல் கோப்புகளை ஆராய்ந்தது. கோப்புகளில் தார்ப்பாய் இல்லை. அதிகாரியின் வருகைப்பதிவு இருந்தது. பதினொன்றாம் நாள் சுற்றறிக்கை வெளிவந்தது: “ஈர மண் காணப்படும் இடங்களிலெல்லாம் தகுதியுள்ள அதிகாரி ஒருவர் நான்கு நாள்களுக்குக் குறையாமல் அமர்த்தப்படுதல் வேண்டும். அதிகாரியே மண்ணை உலர்த்திவிடுவதால், தார்ப்பாய்கள் உடனே கிடங்கில் ஒப்படைக்கப்படுதல் வேண்டும்.”

ஊரும் சளைக்கவில்லை. மனை விளம்பரங்களில் “அதிகாரி அமர்ந்த மனை” என்று தடித்த எழுத்தில் அச்சிட்டார்கள். ஓய்வுபெற்ற இயக்குநர்கள் மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைத்தார்கள். கால்மேல் கால் போட்டு அமர்வதற்குத் தனிக் கட்டணம்.

ஒன்பதாம் மனையில் நம் செயற்பொறியாளர் கொட்டும் மழையில் அமர்ந்தார். மூன்றாம் நாள் நாற்காலி இருக்கை வரை புதைந்தது.

“எந்திரிங்க சார், காய்ச்சல் வந்துரும்.”

“இன்னும் ஒன்றரை நாள் இருக்குய்யா,” என்றார் அதிகாரி, தும்மலுக்கு நடுவில்.

ஐந்தாம் நாள் ரோலரும் புதைந்தது. குழு கோப்பைப் பார்த்துக் காரணம் எழுதியது: பதவி போதவில்லை.

ஓட்டுநர் சேற்றுக் காலோடு அக்கா வீட்டுக்கு ஓடினார்.

“அக்கா, எல்லாருமா சேந்து தார்ப்பாய் கேட்டு ஒரு மனு போடுங்க. இல்லன்னா உன் வீடு நிக்காது.”

“தார்ப்பாயா? பத்தாம் நம்பர்காரிக்குக் கண்காணிப்புப் பொறியாளரே வந்து உக்காரப் போறாராம். எனக்குத் தார்ப்பாயா? நீயெல்லாம் ஒரு தம்பி!”

“மண்ணைக் காய வச்சது தார்ப்பாய்க்கா. நான் கையில புடிச்சுப் பாத்தேன்.”

“அந்தத் தார்ப்பாய்க்குக் கீழ யாரு உக்காந்திருந்தா?”

“அதிகாரிதான்...”

“அப்புறம் என்னடா பேச்சு? எனக்குத் தலைமைப் பொறியாளரைப் புடிச்சுக் குடு.”

தலைமைப் பொறியாளர் வந்தார், நனைந்தார், பன்னிரண்டாம் மனை இறுகிவிட்டதாகக் கையெழுத்திட்டுப் போனார். வீடு எழுந்தது. எட்டாம் மாதம் சன்னல் மூலையிலிருந்து கூரை வரை சுவர் பிளந்தது.

கணக்கு இவ்வாறு முடிந்தது. அமர்வுக் கட்டணத்தை அக்கா இரண்டு தவணையாகச் செலுத்தினார். ஒன்று தலைமைப் பொறியாளர் உட்காருமுன், மற்றது அவர் எழுந்த அன்று மாலை. சொத்து அல்லாத மண்ணைத் தார்ப்பாய் முப்பத்திரண்டு நாள் மூடியிருந்ததைத் தணிக்கையாளர் கண்டுபிடித்ததால், அதற்கான வாடகை ஓட்டுநரின் சம்பளத்தில் நான்கு மாதம் பிடிக்கப்பட்டது. பிளந்த சுவரை ஒட்டவைக்க, அடுத்த மழைக்காலத்தின் முதல் வாரத்தில், அமைச்சகச் செயலாளர் ஒருவர் அக்காவின் கூடத்தில் நான்கு நாள் அமர்த்தப்பட்டார். “தலைமைப் பொறியாளர் பதவி போதலைக்கா” என்று சொல்லி, அந்தக் கட்டணத்தை முன்பணமாக, முழுத்தொகையாக, ரோலர் ஓட்டுநரே கட்டினார். நாற்காலி நன்றாக அகலமாய் இருக்கிறதா என்றும் அவரே பார்த்துக்கொண்டார்.