வெறும் வயிற்றுக்கு நான் வாங்கிக் கொடுத்த பொங்கல்

படிக்கத் தெரியாததால் மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. நான் படிக்கத் தெரிந்தும், சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மாட்டியவன். (எட்டாவதோடு நின்றவன்தான். ஆனால் சீட்டில் இருந்தது மூன்றே வரி.)

அம்பத்தூரில் லேத், ஆவடியில் கேண்டீன், நடுவில் இரண்டு வருடம் லாரி என்று சுற்றிவிட்டு வேன் ஓட்டிக்கொண்டிருந்த காலம். நசரத்பேட்டையைத் தாண்டி உள்ளே இருக்கும் ஒரு கிராமத்திலிருந்து எட்டு சர்க்கரை நோயாளிகளைக் கொரட்டூரில் ஓர் ஆராய்ச்சி மையத்துக்கு அழைத்துவர வேண்டும். கிராமத்து ஆட்களையும் சேர்த்துப் பார்த்தால்தான் அவர்களுடைய புது மருந்து எல்லோருக்கும் ஒத்துவருமா என்று தெரியுமாம். சேருகிறவர்களுக்கு இரண்டு வருடம் மாதாமாதம் பரிசோதனையும் மருந்தும் உண்டு. அந்த ஊரில் வாக்கப்பட்ட என் அக்கா ஸ்டெல்லாவும் எட்டுப் பேரில் ஒருத்தி. காலில் ஆறாத புண். ஏற்கெனவே ஒரு விரல் போயிருந்தது. அடுத்தது போகாமலிருக்க, சேருகிறவர்கள் பட்டியலில் அவள் பெயர் ஏறியாக வேண்டும்.

முந்தின நாள் மையத்து டாக்டர் ஜெனிபர் என்னிடம் சீட்டைக் கொடுத்து, "இதைப் படிச்சுடுங்க. வழியில யாருக்கும் மயக்கம் வராம பாத்துக்குங்க" என்றார். இரண்டாவது வாக்கியம் மட்டும் மனதில் நின்றது.

காலை ஆறரைக்குக் கிளம்பினோம். குமணன்சாவடியில் ஒரு லாரி குறுக்கே நின்றுவிட, ஒன்றரை மணி நேரம் வண்டி நகரவில்லை. பின்சீட்டில் முனுசாமி அண்ணன் கம்பியில் தலையைச் சாய்த்தார்.

"இன்னா அண்ணாத்தே, மயக்கமா?"

"கண்ணு இருட்டிகினு வருதுபா."

எனக்குள் இருந்த கேண்டீன்காரன் விழித்துக்கொண்டான். ஓரங்கட்டி, எட்டுப் பேருக்கும் பொங்கல், வடை, டீ சொன்னேன்.

"டேய், ஒண்ணியும் துன்னாம வரச் சொல்லிகீறாங்கடா" என்றாள் அக்கா.

"அது மத்தவங்களுக்குக்கா. எங்கிட்ட டாக்டரே நேர்ல பேசிகீறாங்க. நீ துன்னு."

(டாக்டர் பேசியது அரை நிமிடம். அதற்குள் எனக்குப் பட்டமே கிடைத்திருந்தது.)

முனுசாமி அண்ணன் ஆறு வருடம் கழித்துச் சர்க்கரை போட்ட டீ குடித்தார். இன்னொன்றும் கேட்டார்.

மையத்தில் நர்ஸ், "எல்லாரும் வெறும் வயித்துலதானே வந்திருக்கீங்க?" என்றபோதுதான் சீட்டைப் பிரித்தேன். முதல் வரியே அதுதான். என் முகம் போன போக்கைப் பார்த்த எட்டுப் பேரும் ஒரே குரலில், "பச்சத்தண்ணி கூட படலம்மா" என்றார்கள். என்னைக் காப்பாற்றுகிறார்களாம். முனுசாமி அண்ணன் மீசையில் தேங்காய்ச் சட்னி இருந்தது.

நர்ஸ் ரத்தம் எடுக்க ஊசியைக் கையில் எடுத்தார். பேசாமல் இருந்தால் அக்கா பெயர் ஏறிவிடும். ஆனால் பொங்கலுக்கு ஏறிய சர்க்கரையைப் பார்த்து அவளுக்கு மருந்து கொடுத்துவிட்டால்?

"நிறுத்துங்க சிஸ்டர். நான்தான் துன்ன வச்சேன்."

அக்கா பார்த்த பார்வையில் எனக்குச் சர்க்கரை சரசரவென்று இறங்கியது.

டாக்டர் வந்தார். ஆள் சேர்ப்பது இன்றோடு முடிகிறது என்றார். கிராமத்து ஆட்கள் விதிமுறைக்கு ஒத்துவரமாட்டார்கள் என்று மேலிடத்தில் ஏற்கெனவே பேச்சாம். பிறகு அக்காவிடம், "எத்தனை மணிக்கு எழுந்தீங்க?" என்று கேட்டார்.

"மூணு மணிக்கும்மா. ஊட்டுக்குத் தண்ணி புடிச்சி வச்சிட்டு வந்தேன். ராத்திரி ஏழு மணிக்குத் துன்னது."

டாக்டர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்பதரை. "நானே ஏழு மணிக்கு இட்லி சாப்ட்டுட்டுதான் வந்தேன்" என்றார். போனோடு வெளியே போனவர் முக்கால் மணி நேரம் கழித்துத் திரும்பினார்.

"ஒரு வாரம் டைம் வாங்கியிருக்கேன். இனிமே நீங்க வர வேணாம், நாங்க வர்றோம்."

அடுத்த வாரம் காலை ஆறு மணிக்கு அந்த ஊர் சர்ச் வாசலில் ரத்தம் எடுத்தார்கள். எட்டுப் பேரும் சேர்ந்தார்கள். வேடிக்கை பார்க்க வந்ததில் சர்க்கரை இருந்த நாலு பேரும் சேர்ந்தார்கள். டாக்டரை அழைத்துப் போனது என் வேன்தான். சீட்டை என்னைச் சத்தமாகப் படிக்கவைத்த பிறகே ஏறினார்.

அக்காவின் புண் ஆறிவிட்டது. மிச்சம் ஒன்பது விரலும் பத்திரம். எங்கள் வீட்டு விசேஷங்களில் நான் சாம்பார் வாளியோடு பந்திக்குள் வந்தால் மட்டும் வரிசையாகச் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு ஊசிக்குக் கையை நீட்டுகிறார்கள். முதலில் நீட்டுவது அக்காதான்: "மொதல்ல ரத்தம் எட்த்துக்கோ நைனா, அப்பால ஊத்து."