கராஜுக்கு வந்த சோதனை

நஞ்சப்பன் அன்றைக்குப் போட்டது சாதாரண சபதம் இல்லை. பல் தேய்க்காமல், காபி குடிக்காமல், கராஜ் நடுவில் லுங்கியோடு நின்று போட்ட சபதம். "இந்தப் பொட்டிக அத்தனையும் இங்கிருந்து போகோணும். இல்லாட்டி நான் கோபிச்செட்டிபாளையத்துக்காரனே இல்லை."

கேட்க ஆள் இல்லை. பெட்டிகள்தான் கேட்டுக்கொண்டிருந்தன.

கலிஃபோர்னியாவின் டப்ளினில் வீடு வாங்கியபோது கிச்சன் வள்ளிக்கு, ஹால் வள்ளிக்கு, துணி வைக்கிற குளோசெட் எல்லாம் வள்ளிக்கு என்று போக, புருஷனுக்கு மிஞ்சியது கார் நிறுத்துகிற கராஜ். அங்கே ஒரு பழைய ஃப்ரிட்ஜ், அதற்குள் பீர், மேல்தட்டில் பன்றிக்கறி சாசேஜ், எதிரே ஒரு டிவி, இரண்டு மடக்கு நாற்காலி. ஞாயிற்றுக்கிழமையானால் எதிர்வீட்டு ஜம்புநாதன் வருவார். இருவரும் அமெரிக்கன் ஃபுட்பால் பார்ப்பார்கள். விளையாட்டின் விதி இரண்டு பேருக்குமே தெரியாது. பக்கத்து வீட்டு வெள்ளைக்காரன் கத்தினால் இவர்களும் கத்துவார்கள். வாரம் பூராவும் 680 ஹைவேயில் ஊர்ந்து ஊர்ந்து சான்ட்டா கிளாரா போய் வருகிற மனுஷனுக்கு வேறு என்ன சுகம் இருக்கிறது, சொல்லுங்கள்.

அந்தச் சுகத்தின் நடுவில்தான் பினாங்கு வந்து இறங்கியது. மலேசியாவில், பினாங்கில் வாழ்க்கைப்பட்ட வள்ளியின் அக்கா கண்மணி பிஸ்கட், நூடுல்ஸ், சோப்பு, டூத்பேஸ்ட் என்று அனுப்ப, வள்ளி அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு விற்க ஆரம்பித்தாள். முதலில் ஒரு மூலையில் ஒரே பெட்டி. பிறகு ஒரு சுவர். போன வாரம் ஜம்புநாதனின் நாற்காலியும் போய்விட்டது. அவர் பாவம், நின்றுகொண்டே பீர் குடித்துவிட்டுப் போனார்.

சும்மா சொன்னால் வள்ளி கேட்பாளா? நஞ்சப்பன் ஆபீஸில் வேலையை ஓரம் கட்டிவிட்டு இன்டர்நெட்டைக் குடைந்து ஓர் ஆயுதம் கண்டுபிடித்தார். ராத்திரிச் சாப்பாட்டில் அதை வீசினார்.

"ஏ வள்ளி, உன் கஸ்டமர்ல பாதிப்பேர் முஸ்லிம்தானே?"

"ஆமாங்க."

"அவிகளுக்கு விக்கறதுன்னா சும்மா இல்லை புள்ள. எல்லாம் ஹலாலா இருக்கோணும். பிஸ்கட்ல என்ன கொழுப்பு, மிட்டாய்ல என்ன ஜெலட்டின், பேஸ்ட்ல என்ன கிளிசரின்னு ஒண்ணொண்ணுக்கும் சர்ட்டிஃபிகேட் கேப்பாங்க. குடுத்தது எந்த ஆபீஸ்னும் கேப்பாங்க."

"பொட்டி மேலயே முத்திரை இருக்குதுங்களே."

"அது மலேசியா முத்திரை. கப்பல்ல ஏறி இங்க வந்தப்புறம் யாரு பொறுப்பு?"

வள்ளியின் முகம் வாடிப்போயிற்று. ரசக்கரண்டியைக் கீழே வைத்தாள். "எனக்கு இதெல்லாம் ஒண்ணும் தெரியாதுங்களே. யாரு கேட்டாலும் சமாளிச்சுப்போடுவேன். அந்தச் சுலைமான் பாய் மட்டும் இந்தப் பக்கம் வந்தரக் கூடாதுங்க."

"அது யாரு?"

"மசூதி கமிட்டில இம்போர்ட் சாமானெல்லாம் பாத்துச் சொல்றவருங்க. காயல்பட்டணத்துக்காரர். அவர் வேண்டாம்னு சொல்லிப்போட்டா அப்புறம் ஈ காக்காகூட எங்கிட்ட வாங்காது. கடைய மூட வேண்டியதுதான்."

"சேச்சே, நான் போயி யாருகிட்டச் சொல்லப்போறேன்" என்றார் நஞ்சப்பன். அன்றைக்கு இன்னொரு கரண்டி சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

மறுநாள் ஆபீஸில் முதல் வேலையே மசூதியில் நம்பர் வாங்கிச் சுலைமான் பாய்க்குப் போட்ட போன்தான். "பாய், ஞாயித்துக்கிழமை வந்து செக் பண்ணிப்போடுங்க. முகதாட்சண்யமே பாக்காதீங்க. கறாரா பண்ணுங்க."

சுலைமான் பாய் வந்தார். மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பெட்டி பெட்டியாகப் பார்த்தார். வள்ளியைத் தங்கச்சி என்று கூப்பிட்டதால் நஞ்சப்பனை மச்சான் ஆக்கிக்கொண்டார். மச்சான் டார்ச் லைட்டோடு பின்னாலேயே போனார்.

"பாய், இந்தச் சோப்பு சந்தேகமா இல்லீங்களா?"

"பாமாயில் மச்சான். நல்ல சோப்பு."

"இந்த பேஸ்ட்?"

"முத்திரை சரியா இருக்கு. கிளிசரினும் பாமாயில்ல இருந்துதான்."

"இந்த ஜெல்லி மிட்டாய்? இது கண்டிப்பா பன்னி ஜெலட்டின்தான்."

"கடல்பாசி. என் பிள்ளைகளுக்கே வாங்கலாம்." பாய் நிமிர்ந்தார். "அது என்ன ஃப்ரிட்ஜ்?"

"அது நம்ம பர்சனலுங்க."

பாய் திறந்தார். பார்த்தார். மெதுவாக மூடினார். "சாமான்ல குத்தம் இல்லை. ஆனா ஹலால் சாமான் வெக்கிற எடத்துல இதைச் சேத்து வெக்கக் கூடாது. வெச்சா நான் சரின்னு சொல்ல முடியாது. ஒண்ணு அது இருக்கணும், இல்லே இது இருக்கணும்."

நஞ்சப்பனுக்குக் குலதெய்வமே காயல்பட்டணத்திலிருந்து வந்து நின்ற மாதிரி இருந்தது. "கேட்டியா வள்ளி? பாயே சொல்லிட்டார். பொட்டிகள எடுத்தரு."

"எடுத்தரலாமுங்க" என்றாள் வள்ளி, கோபமே இல்லாமல். "பாதிய ஹால்ல வெக்கறேன். மீதிய உங்க கட்டிலுக்கு அடியில வெக்கறேன். கொஞ்சம் கிச்சன்ல. ஏனுங்க பாய், பொட்டி எங்க போனாலும் இந்த ரூல் கூடவே போகுமில்லீங்க?"

"போகும் தங்கச்சி."

"அப்ப ஹால்ல பீர் கூடாது, பெட்ரூம்ல கூடாது, கிச்சன்ல சாசேஜ் கூடாது. கராஜ மட்டும் எனக்கு விட்டீங்கன்னா வீட்டுக்குள்ள ரூல் வராதுங்க. உங்க இஷ்டம்."

கராஜை விட்டால் வீடாவது மிஞ்சும் என்று நஞ்சப்பன் கணக்குப் போட்டார். அந்த நேரம் பார்த்து ஜம்புநாதன் மேட்ச் பார்க்க வந்து சேர்ந்தார். "அண்ணா, ஒரு கை புடிங்க. இந்தப் பழைய ஃப்ரிட்ஜுக்கு வீட்டுக்குள்ள எடமில்லீங்க" என்றாள் வள்ளி. இரண்டு நண்பர்களும் சேர்ந்து ஃப்ரிட்ஜைத் தூக்கித் தெருவோரம் வைத்தார்கள். தெருவோரம் வைத்தது இலவசம் என்று யாரோ பிக்கப் டிரக்கில் வந்து ஏற்றிக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டுப் போனான். நஞ்சப்பனுக்கு அழுகை வந்தது.

பாயை வழியனுப்பக் கார்வரை போனார். "நான் கூப்பிட்டிருக்கவே கூடாதுங்க பாய்."

"நீங்களா கூப்பிட்டீங்க?" பாய் சிரித்தார். "போன மாசமே தங்கச்சி என்னைக் கூப்பிட்டாச்சு. ஃப்ரிட்ஜ் இருக்கிற வரைக்கும் முடியாதுன்னு சொன்னேன். 'கொஞ்சம் பொறுங்க பாய், எங்க வீட்டுக்காரரே உங்களுக்கு போன் பண்ணுவார், அப்ப வாங்க'ன்னு சொல்லிச்சு."

நஞ்சப்பன் ஆவேசமாகத் திரும்பி வந்தார். இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்றுதான் வந்தார். ஆனால் கராஜுக்குள் சாமான் வாங்க வந்த இரண்டு பெண்கள் நின்றிருந்தார்கள். "அங்கிள், இந்த பேஸ்ட்ல கிளிசரின் எதுல இருந்து?" என்று கேட்டாள் ஒருத்தி. வாய் சும்மா இருக்கவில்லை. "பாமாயில்ல இருந்தும்மா. பயப்படாம வாங்கிக்கோ" என்றார். பக்கத்தில் நின்றவள் சோப்பைப் பற்றிக் கேட்டாள். அதற்கும் சொன்னார்.

உள்ளே வள்ளி பினாங்குக்கு போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"சரக்கு ரெண்டு பங்கா அனுப்புக்கா. செக் பண்ணி விக்கறதுக்கு ஆள் போட்டுட்டேன். சம்பளமெல்லாம் இல்லைக்கா, சோறு மட்டும்தான்."