வள்ளி நீந்திய கதை

கோலாலம்பூரில் இதுவரை பால் விற்றவர்களில், பாலைவிடப் பொய்யை அதிகம் கறந்தவர் எங்கள் புளுகுப் பால்காரர்தான். அவருடைய சொந்தப் பெயர் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் யாருக்கும் தெரியாது. கேட்டவர்களும் இல்லை.

அவருக்கு இருந்தது ஒரே ஓர் எருமை. பெயர் வள்ளி. அதை வாசல் வாசலாக ஓட்டி வந்து, கண்ணெதிரே கறந்து கொடுப்பார். தண்ணீர் கலக்கவில்லை என்பதற்கு அதுவே அத்தாட்சி. அப்படியும் நான் செம்பைக் கவிழ்த்துக் காட்டச் சொல்வேன். பிள்ளை குடிக்கிற பால்; யாரை நம்புவது?

கதை சொன்னால்தான் வள்ளி பால் விடும் என்பார். பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்துவிடுவார்கள். கிணற்றில் விழுந்த கங்காணியைக் குரங்குகள் வால் கோத்து மேலே இழுத்தன. வழிதவறிய பெண்ணைப் புலி காஜாங் வரை கொண்டுபோய் விட்டது. அம்பாங்கில் ஈயம் தோண்டிய குட்டையில் மூழ்கிய துரையை வள்ளி கொம்பில் ஏந்தி வந்தது. "தொரையோட தொப்பிகூட நனையல!" நிஜத்தில் வள்ளி ஒரு ரிக்‌ஷாவுக்குக்கூட வழிவிட்டு நகர்ந்ததில்லை.

"ஏன் அண்ணே, ஒரு கதையிலயாவது மனுஷன் வந்து காப்பாத்தக் கூடாதா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"மனுஷன் கதைக்கு வள்ளி பால் விடாதும்மா."

என் மூத்தவன் ராசுவுக்கு அப்போது ஐந்து வயது. ஒருநாள் சாக்கடையில் மல்லாந்து படுத்துக்கொண்டு, "காப்பாத்து! காப்பாத்து!" என்று தெருநாயைக் கூப்பிட்டான். நாய் வந்தது. மோந்து பார்த்தது. காலைத் தூக்கியது.

அவனைக் குளிப்பாட்டிவிட்டுப் பால்காரரிடம் சண்டைக்குப் போனேன். அவர் என்னை விட்டுவிட்டு அவனிடம், "அது சரிப்படாத நாய் தம்பி. ஆளு பாத்துக் கூப்பிடணும்" என்றார். கதையை நிறுத்தச் சொல்வதா, பாலையே நிறுத்துவதா என்று குழம்பினேன். பாலோ நல்ல பால்.

அந்த மழைக்காலத்தில் ஆறு பெருகி, குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் இருந்த திடலை மூடியது. கைக்குழந்தைக்குத் துணி மாற்றிவிட்டு நிமிர்ந்தால் ராசுவைக் காணோம். வெளியே ஓடினேன். திடலின் நடுவில், மார்பளவு தண்ணீரில், ஒரு மரத்தைக் கட்டிக்கொண்டு, "வள்ளீ! வா வள்ளீ!" என்று கத்திக்கொண்டிருந்தான். இந்த முறை ஆள் பார்த்துத்தான் கூப்பிட்டிருக்கிறான்.

மேட்டில் தெருவே நின்றது. நான் கைக்குழந்தையோடு ஒவ்வொருவரிடமும் கெஞ்சினேன். ரயில்வே ஆபீஸில் கணக்கெழுதும் பக்கத்து வீட்டுக் கிராணி குடையை மடக்காமலே, "பதறாதீங்கம்மா, போலீசுக்கு ஆள் போயிருக்கு" என்றார்.

"தண்ணி இழுப்பு எப்படின்னு பாத்துட்டு எறங்கணும்" என்றார் இன்னொருவர்.

பார்த்தார்கள். எல்லாரும் நன்றாகப் பார்த்தார்கள்.

திடலின் மறுகோடியில் பால்காரர் தன் கொட்டகையில் இடுப்பளவு தண்ணீரில் நின்று வள்ளியின் கயிற்றோடு போராடிக்கொண்டிருந்தார். நனைந்த முடிச்சு அவிழவில்லை. என் அலறல் கேட்டுத் திரும்பினார். ராசுவைப் பார்த்தார். முடிச்சைப் பார்த்தார். பிறகு கயிற்றை விட்டுவிட்டார்.

அவருக்கு நீச்சல் தெரியாது. ஒரு மூங்கில் கழியை ஊன்றி ஊன்றி வந்து, பிள்ளையைத் தோளில் ஏற்றிக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தார். நாங்கள் திரும்பிப் பார்த்தபோது கொட்டகையின் கூரை மட்டும்தான் தெரிந்தது.

மறுநாள் காலை கிராணியின் மனைவி செம்போடு வாசலில் நின்று, "என்ன, இன்னிக்குப் பால் இல்லையா? முந்தியே சொல்ல வேணாமா?" என்று பால்காரரை அதட்டினாள்.

அவர் வழக்கமான நேரத்துக்கு வெறுங்கையோடு வந்திருந்தார். பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்தார்கள். வள்ளி கயிற்றை அறுத்துக்கொண்டு பாய்ந்ததாம். ராசுவை முதுகில் ஏற்றிக் கரைசேர்த்ததாம். பிறகு அப்படியே ஆற்றோடு நீந்திக் கிள்ளானுக்குப் போய்விட்டதாம்.

"அப்புறம்?" என்றான் ராசு.

"அப்புறம் என்ன? நான் போய்க் கூட்டிட்டு வரணும்லா."

அன்றைக்கே போனார். வரவில்லை.

இப்போது எங்கள் வீட்டில் டின் பால்தான். ராசு அந்தக் கதையைத் தம்பிக்குச் சொல்கிறான். "பால்கார அண்ணன்தான்டா உன்னைத் தூக்கிட்டு வந்தாரு" என்று நான் திருத்தினால், "இல்லம்மா, வள்ளிதான்" என்று அடித்துச் சொல்கிறான். தண்ணீரில் பயந்துபோய்க் கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தானாம்.

நான் மூடவில்லை, அண்ணே.