எடைமேடை வளைவில் விழுந்தவர்கள்

"அந்த வளைவுல இதுவரைக்கும் யாருமே விழலையேம்மா" என்று சொல்லி, நெடுஞ்சாலைத் துறை அதிகாரி கம்ப்யூட்டர் திரையைச் சசிரேகாவின் பக்கம் திருப்பிக் காட்டினார். திரையில் ஒரு பூஜ்யம் இருந்தது. சசிரேகாவின் வலது கை மாவுக்கட்டில் இருந்தது.

"நான் விழுந்தேன் சார். இதோ கை."

"கேஸ் ஏதாவது போட்டீங்களா?"

"இல்ல சார். மண்ணத் தட்டிக்கினு எழுந்து ஆஸ்பத்திரிக்குப் போனேன்."

"அப்ப நீங்க விழலைம்மா" என்றார் அவர், கோபமே இல்லாமல். "ரெக்கார்டுல இல்ல. வேகத்தடை கேக்கறீங்க. விபத்தே நடக்காத எடத்துல வேகத்தடை போட்டா நாளைக்கு என்னைத்தான் கேள்வி கேப்பாங்க. விழுந்தவங்க விவரத்தைக் கொண்டாங்க, பார்க்கலாம்."

சசிரேகாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த மனிதர் சொன்னதில் கொஞ்சம் நியாயமும் இருந்ததால் எரிச்சல் இரண்டு மடங்கானது. ஒரகடத்தில் காருக்குப் பக்கவாட்டுக் கண்ணாடி செய்யும் கம்பெனியில் அவள் குவாலிட்டி செக்கர். கண்ணாடியில் ஒரு கீறல் வந்தால் எந்த லைன், எந்த ஷிப்ட், எத்தனை மணி என்று போர்டில் எழுதிய பிறகுதான் மெஷினில் கைவைப்பார்கள். கண்ணாடிக்குக் கிடைக்கிற மரியாதை மனுஷன் முட்டிக்குக் கிடைக்க வேண்டுமென்றால் அதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

வளைவு சேரப்பணஞ்சேரிக்கு அந்தப் பக்கம், லாரிகளுக்கு எடை போடும் எடைமேடையை ஒட்டி இருந்தது. எடை போட்டுவிட்டுத் திரும்பும் ஒவ்வொரு டிப்பரும் ஒரு கூடை ஜல்லியைச் சிந்திவிட்டுப் போகும். ஷிப்டுக்குப் பறந்து வரும் பைக்குகள் அதில் ஏறிச் சறுக்கும். கை சேரும்வரை ஒன்றரை மாதம் மெடிக்கல் லீவு. சசிரேகா ஒரு நீளமான நோட்டு வாங்கி, வளைவில் இருந்த தசரதனின் டீக்கடையில் பேனாவோடு கட்டித் தொங்கவிட்டாள். 'இங்கே விழுந்தவர்கள் பெயர், நேரம் எழுதவும்' என்று அட்டையில் இடது கையால் எழுதியிருந்தாள்.

ஒரு வாரம் கழித்து நோட்டைத் திறந்தபோது அதில் டீக் கறை மட்டும் இருந்தது.

"இன்னாண்ணா, ஒருத்தர் கூடவா விழல?"

"உழறவன் உழுந்துகினுதான் கீறான்" என்றார் தசரதன். "எழுதுப்பான்னா, நான் எங்க உழுந்தேன், வண்டி சாஞ்சிச்சு, நான் எறங்கிகினேன்றான். ரத்தம் ஊத்துது, அப்பவும் உழலன்றான். ஆம்பளைக்கு வெக்கம் சசி. பொம்பளைங்களுக்கு வூட்டுல திட்டுவாங்கன்னு பயம்."

வெட்கத்தை எப்படிப் போக்குவது? சசிரேகா யோசித்தாள். எழுதுகிறவர்களுக்கு ஒரு டீயும் பன்னும் இலவசம் என்று அட்டையில் ஒரு வரி சேர்த்தாள்.

மூன்றே நாளில் நோட்டு நிரம்பிவிட்டது. மொத்தம் நூற்றுப் பன்னிரண்டு பேர் விழுந்திருந்தார்கள். அந்தச் சாலையில் அத்தனை வண்டி ஓடுமா என்றே அவளுக்குச் சந்தேகம் வந்தது. பேச்சிராஜ் என்கிற பெயர் மட்டும் ஒன்பது இடத்தில் இருந்தது. கோவில்பட்டிப் பக்கத்துப் பையன். எதிர் லாட்ஜில் தங்கி, டயர் கம்பெனியில் வேலை செய்கிறான். பெஞ்சில் உட்கார்ந்து பன்னைத் தோய்த்துக்கொண்டிருந்தவனை அவள் பிடித்தாள்.

"தம்பி, உன்னாண்ட வண்டியே கெடையாதே?"

"இல்லக்கா."

"அப்புறம் எப்படி ஒன்பது வாட்டி விழுந்த?"

"கம்பெனி பஸ்ல இருந்து எறங்கையில கால் பெரண்டுச்சுல்லாக்கா" என்றான் அவன். பொய் சொல்கிற முகமாகத் தெரியவில்லை. பசிக்கிற முகமாக இருந்தது.

"ஒன்பது வாட்டியுமா?"

"எட்டு வாட்டிக்கா. ஒருக்கா சும்மா எழுதினேன்."

அந்தப் பக்கங்களைக் கிழித்துப் போட்டுவிட்டு, இனிமேல் காயத்தைக் காட்டினால்தான் டீ என்று மாற்றினாள். மறுநாள் கடை முன்னால் வரிசை நின்றது. ஒருவர் அம்மைத் தழும்பைக் காட்டினார். இன்னொருவர் வேட்டியைத் தளர்த்தி, போன வருஷம் குடல்வால் எடுத்த தையலைக் காட்ட ஆரம்பித்தார். "மூடு, மூடு, கடையில பொம்பளைங்க கீறாங்க!" என்று தசரதன் கரண்டியோடு ஓடிவந்தார்.

"போட்டோ கேளு சசி" என்றான் அவள் கணவன் ஸ்ரீதர், சாயங்காலம் வீட்டில். அவளுடைய கோபத்திலிருந்து தப்பிக்க அவனுக்குத் தெரிந்த ஒரே வழி யோசனை சொல்வது. "விழுந்த ஒடனே போட்டோ எடுத்து வாட்ஸப்ல போடச் சொல்லு. அதுல ஏமாத்த முடியாது."

குரூப் ஆரம்பித்தார்கள். இரண்டு நாளில் முந்நூறு பேர் சேர்ந்தார்கள். காலை வணக்கம் வந்தது, ரோஜாப்பூ வந்தது, லாட்ஜில் ரூம் காலி என்று விளம்பரம் வந்தது. விழுந்தவர் போட்டோ ஒன்றுகூட வரவில்லை. ஆனால் வளைவில் செல்போனைத் தூக்கிப் பிடித்தபடி ஒரு கூட்டம் நிற்க ஆரம்பித்தது. யாராவது விழுந்தால் முதலில் எடுத்துப் போடுவது யார் என்று போட்டி. என்ன கூட்டம் என்று திரும்பிப் பார்த்த பைக்குக்காரர்கள் ஜல்லியில் ஏறிப் படுத்தார்கள். கூட்டத்தைக் கலைத்துவிட்டு வருகிறேன் என்று அவளுடைய ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போன ஸ்ரீதரும் படுத்தான். முந்நூறு பேரும் அவனை ஏழு கோணத்தில் பார்த்தார்கள்.

"என்னையும் எழுதிக்கோ" என்றான் அவன், நொண்டிக்கொண்டே வந்து.

"ஒண்ணும் வேணாம். ஒன்ன விழ வெச்சது நான்" என்றாள் சசிரேகா. குரூப்பைக் கலைத்தாள். டீயை நிறுத்தினாள். வீட்டிலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துவந்து வளைவில் போட்டு, தானே உட்கார்ந்தாள்.

இரண்டு வாரம் எண்ணுவது என்று முடிவு. விடியற்காலை ஐந்து மணிக்கு வருவாள், மதிய ஷிப்டுக்கு வருவாள், சாயங்காலம் வருவாள். விழுந்தவரை முதலில் தூக்குவாள், தண்ணீர் கொடுப்பாள், பிறகு கேட்பாள். கேட்டதை மட்டும் எழுதுவாள். தன் மாவுக்கட்டைக் காட்டி "நானும் இங்கதான் விழுந்தேன்" என்றால் ஆம்பிளைகள்கூடப் பெயர் சொன்னார்கள். இவ்வளவு சுலபமான விஷயத்துக்கு எத்தனை பன்னை வீணாக்கினோம் என்று அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

ஆறாம் நாள், தோழியின் ஸ்கூட்டியில் பின்னால் உட்கார்ந்து வந்த செல்லக்கனி என்கிற பெண் முகம் அடிபட விழுந்தாள். தூத்துக்குடிப் பக்கம் ஊர், ஹாஸ்டலில் இருக்கிறாள். முன்பல் பாதி உடைந்து கையில் வந்துவிட்டது. அதை ஒரு கர்ச்சீப்பில் முடிந்துகொண்டு, "வீட்டுக்குத் தெரிஞ்சா வேலைய விட்டுட்டு வான்னு சொல்லிருவாவக்கா" என்று அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஆனா எழுதுங்க. எம்பேர முழுசா எழுதுங்க" என்றாள்.

சசிரேகா எழுதினாள். இடது கை எழுத்து அன்றைக்கு இன்னும் கோணலாக வந்தது.

பதினொன்றாம் நாள் பேச்சிராஜ் நோட்டைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். "யக்கா, முக்காவாசிப் பேரு காலையில அஞ்சரைக்கும் ஆறுக்கும் நடுவுலதான் விழுதாவ. நான் அஞ்சு மணிக்கே வந்து ஜல்லியத் தள்ளிருதேன்."

"வேணாம்!" என்றாள் அவள் படக்கென்று. "இன்னும் மூணு நாள் கீது. எண்ணி முடிக்கறேன், அப்புறம் பெருக்கு."

பேச்சிராஜ் அவளையே பார்த்தான். தசரதன் டீ ஆற்றுவதை நிறுத்தினார். தான் என்ன சொன்னோம் என்பது சசிரேகாவுக்கு அப்போதுதான் காதில் விழுந்தது. முகம் சிவந்துபோய், கடைவாசல் துடைப்பத்தை இடது கையால் எடுத்து அவனிடம் நீட்டினாள்.

பெருக்கிய மூன்று நாளில் இரண்டே பேர்தான் விழுந்தார்கள். அதையும் எழுதினாள். பகலில் மறுபடி ஜல்லி கொட்டியதையும், வேகமாக வந்தவர்களே சறுக்கியதையும் எழுதினாள். மொத்தம் இருபத்து மூன்று பேர். ஒன்று கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

நோட்டை எடுத்துக்கொண்டு ஆபீசுக்குப் போனாள். அதிகாரி ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார்.

"பிரமாதமா எழுதியிருக்கீங்க. ஆனா நோட்டெல்லாம் இப்ப வாங்கறதில்லைம்மா. ஆன்லைன்ல போடுங்க."

அன்று மாலை வீட்டில் ஸ்ரீதர் போனைப் பிடித்துக்கொள்ள, அவள் ஒற்றை விரலால் விவரங்களை ஏற்றினாள். இருபத்து மூன்று பேருக்கும் தனித்தனிப் படிவம். பெயருக்கு ஆங்கிலம் கேட்டது. செல்லக்கனிக்குத் தகப்பனார் பெயர் கேட்டது. ஓடிபி வருவதற்குள் பக்கம் செத்தது. 'விபத்துக்குக் காரணம்' என்ற இடத்தில் மதுபோதை, கைபேசி, கால்நடை, மழை, வேகத்தடை என்று ஒரு பட்டியல் நின்றது. ஜல்லி அதில் இல்லை. 'மற்றவை' என்பதைத் தொட்டால் உறுதிமொழிப் பத்திரம் கேட்டு, முதல் பக்கத்துக்கே துரத்தியது.

"நமக்கு வேகத்தடைதான வேணும்? அதத் தொட்டுட்டுப் போவியா" என்றான் ஸ்ரீதர், கை வலியோடு.

அவள் தொட்டாள். பக்கம் சமர்த்தாக அடுத்ததற்குப் போனது. இருபத்து மூன்று தடவையும் போனது.

இருபது நாள் கழித்து மெசேஜ் வந்தது. 'தங்கள் புகார்கள் ஏற்கப்பட்டன. நடவடிக்கைக்கு உத்தரவிடப்பட்டுள்ளது. பணியாளர்கள் வியாழனன்று வருவர்.' சசிரேகா அதை நான்கு முறை படித்தாள். கட்டுப் பிரித்த கையைத் தூக்கி ஸ்ரீதரின் முதுகில் ஒரு அடி வைத்தாள். வலித்தது; இருந்தாலும் வைத்தாள்.

வியாழக்கிழமை காலை வளைவில் திருவிழாக் கூட்டம். செல்லக்கனி புதுப் பல்லோடு வந்திருந்தாள். பேச்சிராஜ் நைட் ஷிப்ட் முடித்துத் தூங்காமல் வந்திருந்தான். லாரி வந்து நின்றதும் கைதட்டினார்கள். நான்கு ஆட்களும் அப்பாவு என்கிற மேஸ்திரியும் இறங்கினார்கள். தசரதன் மேஸ்திரி கழுத்தில் ஒரு மாலையைப் போட்டு, ஏலக்காய் டீயை நீட்டினார்.

"இதுவரைக்கும் எனக்கு யாரும் மாலை போட்டதில்ல" என்று அப்பாவு கூச்சத்தோடு நெளிந்தார்.

பின்னால் கம்ப்ரசரும் ரோடு குடையும் மெஷினும் இறங்கின. தசரதன் குனிந்து ஸ்ரீதரின் காதில் கேட்டார்: "போடறதுக்கு எதுக்குப்பா ஒடைக்கற மெஷினு?"

"அடிமட்டம் எடுக்கணும்ல" என்றான் ஸ்ரீதர், எல்லாம் தெரிந்தவனாக.

சசிரேகா நோட்டை நெஞ்சோடு அணைத்தபடி முன்னால் போனாள். "எல்லாரும் இந்த உள்பக்கம்தான் சறுக்கறாங்க மேஸ்திரி. நோட்டுல தேதி, நேரம், எல்லாம் கீது. ஒரு வாட்டி பாத்துடறீங்களா?"

"எல்லாம் ஆர்டர்லயே கீதும்மா" என்றார் அவர். டீயை முடித்தார். கையுறையை மாட்டினார். சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தைப் பிரித்து, சாலையை மேலும் கீழும் பார்த்தார். பத்தடி முன்னால் நடந்துபோய்ப் பார்த்தார், திரும்பி வந்தார். மாலைக்கு அடியில் கழுத்தைச் சொறிந்துகொண்டு கேட்டார்:

"இருவத்திமூணு பேர உழ வெச்ச வேகத்தடைய ஒடச்சி எடுத்துடணும்னு ஆர்டர்மா. எங்க கீது அது?"